டிரைவர் பெண்டாட்டிக்கு வண்டி ஆகாது

சென்னப்பன் மைசூரில் ஒரு மில்லின் ஸ்டாஃப் பஸ்ஸை ஓட்டுகிறவன். அவன் மனைவி பஞ்சவர்ணத்துக்கோ பஸ்ஸில் கால் வைத்தாலே வயிற்றைப் புரட்டும். டிரைவர் பெண்டாட்டிக்கு வண்டி ஆகாது என்று தெருவே கேலி பேசும்.

வாந்திக்குப் பயந்தே அவள் வாழ்க்கை ஊருக்குள் அடங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் பக்கத்திலிருக்கிற மேல்கோட்டைக் கோயிலைக்கூடப் பார்த்ததில்லை. மைசூரிலேயே விஜயநகர் பகுதியில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை. காலையில் லூனா மொபெட்டை மிதித்துக் கிளப்பினாள் என்றால் சந்து பொந்தெல்லாம் புகுந்து புறப்பட்டு வருவாள். ஊருக்குள் அவள் ராணிதான். ஊர் எல்லையைத் தாண்டினால் ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் பிளாஸ்டிக் பை.

மகள் ரூபாவைக் கொள்ளேகாலுக்கு அப்பால் மார்டள்ளி என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் மைசூரிலேயே நடந்ததால் பஞ்சவர்ணம் அப்போது தப்பித்தாள். பிறகு ஒருமுறை துணிந்து பஸ் ஏறியவள், பாதி வழியில் நரசிபுரத்திலேயே இறங்கித் திரும்பி வந்துவிட்டாள். மகள் வீட்டு வாசலை இன்னும் மிதிக்கவில்லை. சம்பந்தியம்மா மல்லம்மா சும்மா இருப்பாளா? வாந்தியெல்லாம் சாக்கு, மைசூர்க்காரிக்கு எங்கள் காடுமேடெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள்.

தொண்ணூற்றொன்பதில் ரூபாவுக்கு ஏழு மாதம். பெற்றவள் நேரில் வந்து வளையல் போட்டு அழைத்தால்தான் தலைப்பிரசவத்துக்கு அனுப்புவோம், அதுதான் எங்கள் வழக்கம் என்று மல்லம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். ரூபா போனில் அழுதாள். "நீ வந்துடும்மா. இங்க எனக்குப் பயமா இருக்கு." பஞ்சவர்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வாந்திக்குக் காரணம் பஸ்ஸின் குலுக்கல்தான் என்று சென்னப்பன் தீர்ப்பு எழுதினான். தெரிந்த டிராவல்ஸில் பேசி, அப்போது புதிதாக வந்திருந்த சஃபாரி கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தான். ஓட்டுவது தானே என்று ஏற்பாடு.

"தண்ணி டம்ளரை வெச்சாக்கூட அலுங்காது, வர்ணம்" என்றான். "நீ பாட்டுக்குத் தூங்கிட்டு வா."

கிளம்பியதிலிருந்து அவன் வாய் மூடவில்லை. பஸ் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள் இறங்கிப்போன மனுஷன், இதை ஒரு விரலால் திருப்பிக் காட்டினான். பொத்தானை அழுத்திக் கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான், மறுபடி இறக்கினான். பள்ளம் வந்தது, வண்டி அதை மெல்ல விழுங்கிவிட்டுப் போனது. ஆனால் பழக்கம் விடுமா? திருப்பங்களில் தன் முதுகுக்குப் பின்னால் முழு பஸ்ஸும் நீண்டிருப்பது போலவே அகலமாக வளைத்தான். பஸ் ஸ்டாப்பைக் கண்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. ஒரு ஸ்டாப்பில் கூடையும் கையுமாக இரண்டு பேர் ஓடியே வந்துவிட்டார்கள்.

பின்சீட்டில் பஞ்சவர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெத்தை, ஏசி, எல்லாம் ராஜபோகம்தான். வயிற்றுக்கு அது தெரிய வேண்டுமே. நரசிபுரத்தில் ஒரு வாந்தி. கொள்ளேகால் வருவதற்குள் இன்னொன்று. ஹனூரைத் தாண்டியதும், "நிறுத்துங்க" என்று இறங்கி, புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்பிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டான் சென்னப்பன்.

அவளுக்கு அழுகை வந்தது. பெற்ற மகள் கூப்பிட்டும் போக முடியாத இந்த உடம்பு என்ன உடம்பு என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, லூனாவுல எனக்கு ஏன் குமட்டறதில்ல?"

"அது சின்ன வண்டி."

"உங்க ஸ்கூட்டரும் சின்ன வண்டிதானே? பின்னாடி உக்காந்தா குமட்டுதே." கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கு என்னிக்காவது குமட்டியிருக்கா?"

"ஓட்டறவனுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பஞ்சவர்ணம் எழுந்து போய் வலப்பக்கத்து டிரைவர் கதவைத் திறந்து ஏறினாள்.

"ஸ்வல்ப இரு, கொஞ்சம் பொறு, வர்ணம். லைசென்ஸ் இல்ல. வாடகை வண்டி. உன் இஷ்டத்துக்கு அரைக்க நம்ம வீட்டு அம்மிக்கல்லு இல்ல இது."

"அப்ப நீங்களே போய் உங்க மகளுக்கு வளையல் போட்டுக் கூட்டிட்டு வாங்க."

சென்னப்பன் இடப்பக்கம் ஏறினான். சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. கிளட்சை அவள் மிதிப்பது, கியரை அவன் போடுவது என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். முதல் தடவை வண்டி உதறி நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவதில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. அவன் ஒரு கையால் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. வளைவு வருவது முன்னாலேயே தெரிந்தது. கை திருப்பியது, உடம்பும் கூடவே திரும்பியது. வயிறு இருந்த இடத்தில் இருந்தது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துச் சோளக்காட்டையும் தூரத்து மலையையும் முதல் முறையாகக் கண் திறந்து பார்த்தாள். சந்தோஷம் தாங்காமல் சிரிப்பு வந்தது.

"ஊருக்குள்ள நான் எடுத்துக்கறேன். பாக்கறவங்க என்ன நெனப்பாங்க" என்றான்.

"நெனச்சுக்கட்டும்."

மல்லம்மா வீட்டு முன்னால் வண்டியைக் கோணலாக நிறுத்தினாள். சத்தம் கேட்டு மல்லம்மா வெளியே வந்தாள். பின்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரூபா. துவண்டு விழப்போகிற மைசூர்க்காரியை எதிர்பார்த்த மல்லம்மா, ஸ்டியரிங் பக்கமிருந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியவளைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"சொந்த வண்டிங்களா, சம்பந்தி?"

"வாடகை வண்டிதானுங்க. ஓட்டிட்டு வந்தது நானு."

மல்லம்மா வண்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "துணிமணிய எடுத்து வெய்யி சாமி. உங்கம்மா வந்துட்டாங்கல்ல." மறுபடி சம்பந்தியிடம் வந்தாள். "கொழந்தையக் கொண்டாந்து விடறதும் நீங்களேதான் வரோணும், ஆமா."

"வந்துடறேனுங்க" என்றாள் பஞ்சவர்ணம். பிறகு, ஒரு பயணத்தின் முடிவில் வாழ்க்கையில் முதல் முறையாக, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.