டலெந்தா தொட்ட டேப்

டலெந்தா என் வீட்டுக்காரரோட தங்கச்சி. துனிசியாவுல நீளம் தாண்டுறதுல பொம்பளைங்க சாதனை பதினெட்டு வருஷமா இவ பேர்லதான் இருந்துச்சு. எண்ணெய் ஆலைக்குப் பின்னாடி கிடந்த மணல்ல குதிச்சுப் பழகினவ. கெய்ரோ, டக்கார்னு போய் மெடல் வாங்கினா. இப்ப ஸ்ஃபாக்ஸ்ல பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். சாதனைன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து பாத்திரம் கழுவப் போயிடுவா. அடக்கமாம், ஊரே சொல்லும். அடக்கமாவது மண்ணாவது, அவ வாய் என் வாயைவிட நீளம்.

போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு அந்தச் சாதனையை முறிச்சிட்டா. சாவு வீட்டுக்கு வர்ற மாதிரி ஆளுங்க வந்தாங்க. கடைசியா ரவுதா வந்தா. அந்தக் காலத்துல இவகூடக் குதிச்சவ, இவளைவிட நல்லாக் குதிச்சவ. நான் குஸ்குஸ் வேக வெச்சிட்டிருந்தேன்.

"விடுடி, ராணிகூட இவ்வளவு நாள் ஆண்டிருக்க மாட்டா"ன்னா ரவுதா.

"அது உனக்கு வந்திருக்க வேண்டியது"ன்னு இவ அழ ஆரம்பிச்சா.

ஓட்டத்தை எங்க தொடங்கணும்னு அளந்து, பாதை ஓரமா ஒரு டேப் ஒட்டி வெப்பாங்க. அது கொஞ்சம் முன்னாடி நகர்ந்தாலும், எம்புற இடத்துல பதிச்சிருக்கிற பலகையைக் கால் தாண்டிடும், குதிச்சது செல்லாது.

"அன்னிக்கு ஃபைனல்ல என் ஆணி ஷூ உன் டேப்புல மாட்டி இழுத்துடுச்சு. குத்துமதிப்பா திருப்பி ஒட்டினேன். நீ முதல் தடவை தாண்டி மிதிச்சப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. சொல்ல எழுந்தேன், என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. அப்புறமும் சொல்லல. மூணு தடவையும் செல்லாம நீ வெளிய போனப்புறம் நான் குதிச்சதுதான் அந்தச் சாதனை."

ரவுதா கையிலிருந்த டீயைக் கீழ வெச்சா.

"கோச் டேப்பைத் தள்ளி வைன்னு கத்தினார். நான் அளந்தது தப்பாகாதுன்னு கேக்கவே இல்ல. என் கால் போச்சுன்னு நெனச்சு குதிக்கிறதையே விட்டுட்டேன். எங்கம்மா கண்ணேறுன்னா. முந்தின நாள் சித்தி வந்து, மான் கால்டின்னு சொல்லிட்டுப் போனா, கண்ணு படாம இருக்க மாஷா அல்லாஹ் சொல்லல. அதுலேருந்து அம்மா கூடப்பொறந்தவகிட்டப் பேசுறதில்ல. என் கல்யாணத்துக்குக்கூடச் சித்தியைக் கூப்பிடல."

"இது எனக்குத் தெரியாதுடி."

"எப்படித் தெரியும்? நீதான் மெடலைக் கடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நின்னியே. எந்திரி. வந்து எங்கம்மாகிட்டச் சொல்லு."

இவ என்னைப் பாத்தா. "அண்ணி, சாப்பிட்டுட்டுப் போகட்டுமா?"

"சோறு ஓடிப் போயிடாது. நீதான் ஓடிடுவ. கிளம்பு."

முகத்தைத் துடைச்சுக்கிட்டு எழுந்தா. "சித்தியையும் வரச் சொல்லு. ரெண்டு பேர் முன்னாடியும் சொல்றேன்."

ரவுதா போனை எடுத்தா. உள்ள தேடிப் பாத்தா.

"அவங்க நம்பர் என்கிட்ட இல்ல."

"வீடு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப முதல்ல அங்க போவோம்"னு டலெந்தா செருப்பை மாட்டினா.