ஐஸ் பெட்டியில் வந்த ஃபிலிம் சுருள்

போல்டன்புரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தபாலில் பாதி, பக்கத்து வீட்டு ஜாஸ்லினுக்குத்தான். பெங்களூரு, கொச்சி, குவஹாத்தி என்று எங்கெங்கிருந்தோ சின்னச் சின்னப் பார்சல்கள் வரும். ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் பருமனில் ஒரு ஃபிலிம் சுருள் இருக்கும். செல்போனில் எடுத்து அலுத்த பிள்ளைகள் பழைய கேமராக்களைத் தேடி வாங்கிப் படம் பிடிக்கிறார்கள். அவர்கள் ஊரில் ஃபிலிம் கழுவ ஆளில்லை. ஜாஸ்லின் கழுவி, படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிவிட்டு, நெகட்டிவைத் தபாலில் திருப்பி அனுப்புவாள்.

அவளுக்குச் சொந்த ஊர் இதே மாவட்டத்து நாசரேத். 2008இல் இங்கே ஒரு எக்ஸ்ரே நிலையத்தின் இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு வருஷத்தில் அங்கே கம்ப்யூட்டர் வந்து, இருட்டறை பழைய நாற்காலிகள் போடும் இடமாயிற்று. எக்ஸ்ரே எடுக்க இன்றும் காலையில் அங்கே போகிறாள். மத்தியானத்துக்கு மேல் வீட்டுக் குளியலறைதான் அவளுடைய இருட்டறை. கதவிடுக்கில் கறுப்புத் துணி அடைத்து 2019இல் தொடங்கியது. விளம்பரம் கிடையாது. கழுவி வாங்கியவர்கள் சொல்லிச் சொல்லியே பரவியது. அதற்குக் காரணம் கைத்திறன் மட்டும் இல்லை என்பது என் கணிப்பு. ஒரு சுருள் கெட்டுப்போனால் அவள் மழுப்புவதில்லை. தன் தவறென்றால் அதையும் சேர்த்தே சொல்வாள்.

சென்ற ஆண்டு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, தபால்காரி பேச்சிச்செல்வி ஒரு தெர்மாகோல் பெட்டியை உடம்பில் படாமல் தூரப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"யக்கா, ஒங்களுக்கு மீன் வந்திருக்கு! என் பை பூரா வாடை. இனி எந்தத் தெருவுக்குப் போனாலும் பூனைதான் பின்னால வரும்."

நானும் எட்டிப் பார்த்தேன். அனுப்பியவர் தருவைகுளம் மனுவேல். பெட்டியைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர், அதில் மிதக்கும் ஐஸ் துண்டுகள், நடுவே முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. பைக்குள் ஃபிலிம் சுருள். முடிச்சு கசிந்து, சுருள் ஊறிக் கிடந்தது.

"அய்யே, நனைஞ்சு போச்சே! குடுங்கக்கா, மொட்டை மாடியில வச்சா ஒரு நொடியில காஞ்சிரும்" என்று பேச்சிச்செல்வி அதை வெளியே எடுத்தாள்.

"ஏளா, வைக்காத! தண்ணிக்குள்ள போடு!"

ஜாஸ்லின் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். நனைந்த ஃபிலிம் காய்ந்தால் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படம் பிய்ந்து வரும், கழுவும்வரை அது குளிர்ந்த தண்ணீரிலேயே கிடக்க வேண்டும் என்று பிறகு சொன்னாள். என் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸையும் கொண்டுவந்து கொட்டினேன்.

அவள் மனுவேலுக்குப் போன் செய்தாள். தண்ணீர் புகுந்துவிட்டது என்று சொன்னதுமே மறுபக்கம் போன் கட்டாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆளே பைக்கில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். வள்ளத்தில் போகும் மீனவர். அதற்குள் ஜாஸ்லின் மருந்துகளைக் கலந்து வைத்துவிட்டு, சுருளோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். மனுவேல் அந்தக் கதவைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம் மவன் கிளைட்டன் எடுத்த படம் அண்ணாச்சி" என்றார் என்னிடம். "சென்னையில போட்டோ படிக்கான். கடைசிப் பரீட்சைக்கு இதைத்தான் காட்டணுமாம். ஊருக்கு வந்து எடுத்தான். 'எப்பா, இதை மட்டும் தபால்ல போட்டிருங்க'ன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டான். அவன் எங்கிட்ட ஒரு காரியத்தை ஒப்படைச்சது இதுதான் மொதத் தடவை."

"அறியாம நடந்ததுதானே?"

"அவன் நம்ப மாட்டான். போட்டோ புடிக்க எதுக்குலே காலேஜுன்னு மூணு வருஷமா ஏசிக்கிட்டிருக்கேன். ஒருக்க கோவத்துல, ஒன் கேமராவக் கடல்ல வீசிருவேன்னும் சொல்லிட்டேன். இப்ப நான் வேணும்னே தண்ணியில போட்டுட்டேன்னுதான் நினைப்பான்."

உள்ளேயிருந்து ஜாஸ்லின் குரல் வந்தது. "அண்ணே, ஐஸ் எதுக்கு வச்சிய?"

"நீங்கதான தங்கச்சி மவனுக்கு அனுப்பின சீட்டுல குளிர்ச்சியா அனுப்பணும்னு எழுதியிருந்திய? அந்தச் சீட்டை மவன் காட்டினான். எனக்குத் தெரிஞ்ச குளிர்ச்சி அதான். கம்பெனிக்கு இறால் கட்டுததை விட நல்லாவே கட்டினேன்."

"அப்ப தப்பு எம் மேலதான். வெயில் படாம அனுப்புங்கன்னு எழுதியிருக்கணும்" என்றாள்.

நனையாத ஃபிலிம், அதைச் சுற்றிவைத்துக் கழுவும் சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு ஏறும். ஈர ஃபிலிம் பாதியில் ஒட்டி நின்றுவிடும். அதனால் சக்கரத்தையும் ஃபிலிமையும் வாளித் தண்ணீரில் அமுக்கி, அந்த இருட்டில் விரலால் தடவித் தடவி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒருமுறை "ச்சே" என்று கேட்டது. மனுவேல் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து ஏற்றினாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் கொடியில் ஃபிலிம் தொங்கியது. வெளிச்சுற்றில் இருந்த ஐந்து படங்களில் மட்டும் கறை. மற்றவை பழுதில்லை. மனுவேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எல்லாப் பயலுக்கும் தலை நரைச்சுப்போச்சே!"

"நெகட்டிவ் அப்படித்தான் இருக்கும் அண்ணே. கறுப்பெல்லாம் வெள்ளையாத் தெரியும்."

சிரித்தவர் மெதுவாகக் கேட்டார். "படந்தான் வந்துட்டே தங்கச்சி. நனைஞ்ச கதை அவனுக்கு எதுக்கு?"

"அஞ்சு படத்துல கறை இருக்கு. ஏன்னு கேப்பான். நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். அதுக்கு முந்தி நீங்க சொல்லிருங்க."

கிளைட்டனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் கையில் வைத்தாள். தப்பிக்க வழியில்லாமல் மனுவேல் ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார்.

"எவ்வளவுப்பா ஐஸ் வச்சிய?"

"ரெண்டு கிலோ இருக்கும்லே. பொடிச்சு, நாலு பக்கமும் அடைச்சு..."

பையன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். "கெடுக்கணும்னு நினைக்கவன் எவனாவது ரெண்டு கிலோ ஐஸ் செலவழிப்பானாப்பா?"

மனுவேல் போனை ஜாஸ்லினிடம் நீட்டிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவள் கொடியருகே போய் நின்று, "கிளைட்டன், கறை பட்ட படத்தை முதல்ல சொல்லுதேன், கேட்டுக்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.