நோட்டா ஜெயித்த வருஷம்

தாராவியில் சாதியாவின் வீட்டில் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. கீழே ஐந்து பேர் குடும்பம். இரும்பு ஏணியில் ஏறினால் அவளுடைய வாப்பா இனாயத்துல்லாவின் தோல் பட்டறை. பர்ஸ், பெல்ட், சாவி வளையம் எல்லாம் அங்கே தயாராகும். தையல் மெஷினும் தோலின் ஓரத்தைச் சீவுகிற மெஷினும் காலையில் ஓட ஆரம்பித்தால் இரவு இஷா தொழுகை முடிந்த பிறகும் நெடுநேரம் ஓயாது. தோல் ஒட்டுகிற பசையின் வாடை கீழே சோற்றுப் பானை வரை இறங்கும். வாடை சாதியாவுக்குப் பழகிவிட்டது. சத்தம் பழகவில்லை. தலைக்கு மேலே சுத்தியல் விழும்போது அவளால் ஒரு கணக்கைக்கூட முடிக்க முடியாது.

செம்பூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் எம்.காம். முதல் வருஷம். கூடவே சி.ஏ. இன்டர் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் குரூப் தேறிவிட்டது. இரண்டாவது குரூப்பில் இரண்டு தடவை விழுந்துவிட்டாள். மூன்றாவது தடவைக்கு ஜனவரியில் பரீட்சை.

இனாயத்துல்லா அதட்டுகிற ஆள் இல்லை. சாப்பிடும்போது ஒருநாள் சொன்னார், "இந்தத் தடவையும் வரலேன்னா விட்ரு தாயி. நம்ம பட்டறைக் கணக்கையே பாத்துக்க. ஜி.எஸ்.டி.க்குன்னு எவன் ஆபீஸ்லயோ போயி எதுக்கு நிக்கணும்?"

"வரும் வாப்பா."

"வந்தா சந்தோசம்தான்."

அது வருவதற்கு அவளிடம் இருந்த ஒரே இடம் பல்கலைக்கழக நூலகத்தின் வாசிப்பு அறை. இரவு பத்து வரை திறந்திருக்கும். கோவண்டி, வடாலா, சீத்தா கேம்ப் என்று ஒற்றை அறை வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் மாலையானதும் அங்கே கூடுவார்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. யாருடைய நாற்காலி எது, யார் பென்சிலைக் கடிப்பார்கள், யார் எட்டு மணிக்குத் தூங்கி விழுவார்கள் என்பது தெரியும். யாரும் பேசிக்கொள்வதில்லை. அந்த அறையில் அவர்களுக்குப் பிடித்ததே அதுதான்.

ஆகஸ்டில் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். காவலாளிகள் போதவில்லை. தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வாசிப்பு அறையை ஆறு மணிக்கே மூட உத்தேசம். அக்டோபரில் நூலகக் குழு கூடி முடிவு செய்யும். அந்தக் குழுவில் பேராசிரியர்களோடு மாணவர் சங்கத் தலைவருக்கும் ஓர் இடம் உண்டு. அவர் பேசலாம், ஓட்டும் போடலாம். சங்கத் தேர்தல் செப்டம்பரில் வந்தது.

சாதியா இதற்கு முன் எந்தத் தேர்தலிலும் அக்கறை காட்டியதில்லை. இந்தத் தடவை வேட்பாளர்கள் பெயரைப் பார்க்க அவளே போனாள்.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள், இரண்டு பேரும் தமிழ்ப் பையன்கள். தாராவி, சீத்தா கேம்ப் ஓட்டு மொத்தமாக விழுந்தால் ஜெயித்துவிடலாம் என்று ஓர் அணி கணக்குப் போட்டிருக்கிறது. அதைப் பார்த்து மற்ற அணியும் தமிழனைத் தேடியிருக்கிறது. ராஹில் சீத்தா கேம்ப். மீடியா படிப்பு. வெங்கி மாட்டுங்கா. சட்டம் படிக்கிறான்.

ராஹிலைத் தேடி அவள் போக வேண்டியிருக்கவில்லை. அவனே பட்டறைக்கு வந்தான். ஓட்டுப் போடுகிறவர்களுக்குக் கொடுக்கத் தோல் சாவி வளையம் வேண்டும், அதில் அவன் பெயர் பொறித்திருக்க வேண்டும். இனாயத்துல்லா மாதிரி எடுத்துக் காட்டினார். சாதியா ஏணியடியில் அவனை மடக்கினாள்.

"லைப்ரரி விஷயம் தெரியுமா?"

"எந்த லைப்ரரி?"

"நம்ம லைப்ரரிதான். ஆறு மணிக்கு மூடப் போறானுவ."

"அதெல்லாம் செட் பண்ணிரலாம். டென்ஷன் மத் லே, கவலைய விடு."

"என்ன செட் பண்ணுவ?"

"மொதல்ல ஜெயிக்க விடு சாதியா. நம்ம ஊர்ப் புள்ள நீ, நீயே இப்பிடிக் கேட்டா எப்பிடி?" என்றவன் மேலே அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தான். "மாமா, பேரு தங்கக் கலர்ல வருமா?"

அதே வாரம் வெங்கியின் ஆட்களும் வந்தார்கள். அவர்களுக்கும் சாவி வளையம், ஆனால் வெள்ளிக் கலரில் பெயர். இனாயத்துல்லா இரண்டு ஆர்டரையும் எடுத்துக்கொண்டார். அவசர வேலை வந்தால் வீடே மேலே ஏறும். உம்மா பசை தடவினாள், தம்பி நூல் வெட்டினான், சாதியா அச்சு வைத்து அழுத்தினாள். ஒரு கூடையில் ராஹில், இன்னொரு கூடையில் வெங்கி. அந்த வாரம் அவள் புத்தகத்தைத் தொடவில்லை.

வெங்கியைப் பார்க்க மானசா அழைத்துப் போனாள். எம்.காம். வகுப்பில் சாதியாவுக்கு நெருக்கமான ஒரே தோழி. மாட்டுங்காவில் வெங்கி இருக்கும் கட்டிடத்துக்கு அடுத்த கட்டிடத்தில்தான் அவள் வீடு. ஸ்டேஷன் பக்கம் காப்பிக் கடையில் அவனே மூன்று காப்பி வாங்கினான். மரியாதையான பையன்.

"லைப்ரரியா? சூப்பர் பாயின்ட். ஏசி போட்டுத் தரேன் பாருங்க," என்றான்.

"ஏசி வேண்டாம். பத்து மணி வேணும்."

"ஏசி போட்டா எல்லாரும் வருவா. எல்லாரும் வந்தா பத்து மணி தானா வரும்."

"வெங்கி," என்றாள் மானசா, "நீ கடைசியா லைப்ரரிக்குள்ள எப்போடா போனே?"

அவன் நேர்மையாக யோசித்தான். "போஸ்டருக்கு ஃபோட்டோ எடுக்க."

வேட்புமனுத் தேதி அதற்குள் முடிந்துவிட்டது. வேறு யாரையும் நிறுத்தவும் வழி இல்லை. மிச்சம் இருந்தது வேட்பாளர்களை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கிற கூட்டம். திறந்தவெளி மேடைக்கு முன்னால் நல்ல கூட்டம். மூன்று நாள் கலைவிழா என்று வெங்கி சொன்னதும் நான்கு நாள் என்றான் ராஹில். பைக் நிறுத்த இடம் என்றான் ராஹில். கூரை போட்ட இடம் என்றான் வெங்கி. விடுதிப் பெண்கள் குழாயில் தண்ணீர் வராததைக் கேட்டார்கள். இரண்டு பேரும் உருக்கமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி கலைவிழாவுக்கே போனார்கள். கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவன் கொட்டாவி விடுகிற சத்தத்தை வேண்டுமென்றே நீட்டிப் போட, அதற்குத்தான் அன்று பெரிய கைதட்டு.

சாதியா வரிசையில் நின்று மைக்கைப் பிடித்தாள். வாசிப்பு அறையைப் பற்றிக் கேட்டாள்.

"இருபத்துநாலு மணி நேரமும் திறந்து வைப்போம்," என்றான் வெங்கி.

"இருபத்துநாலு மணி நேரம், கூடவே டீயும் ஃப்ரீ," என்றான் ராஹில். விசில் பறந்தது.

"அக்டோபர்ல கமிட்டி கூடுது. அங்கே போய் என்ன பேசுவீங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஹில் பக்கத்திலிருந்தவனிடம் குனிந்து இந்தியில், "எந்தக் கமிட்டிடா?" என்று கேட்டான். மைக் அதையும் எல்லாருக்கும் சொல்லிவிட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சாதியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு அப்படி ஒரு நாற்காலி இருப்பதே தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் மானசா சொன்னாள். "நோட்டா இருக்கே."

"போட்டா?"

"முனிசிபல் எலெக்ஷன்ல நோட்டா ஜெயிச்சா திரும்பவும் எலெக்ஷன் வைக்கணும்டீ. ரூல் இருக்கு. எங்க பில்டிங் சொசைட்டி வாட்ஸப்ல தினமும் இதே பேச்சுதான். இங்கேயும் நோட்டா ஜெயிக்கட்டும். மறுதேர்தல்ல நீ நில்லு."

"நானா?"

"கமிட்டின்னா என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதானே."

அந்த வருஷம் மும்பை முழுக்க மாநகராட்சித் தேர்தல் பேச்சுதான். வார்டு ஆபீஸ் பக்கம் டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் நோட்டா விதியைச் சொல்வார்கள். வாசிப்பு அறையில் சொன்னதும் எல்லாருக்கும் அது உடனே புரிந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தனியாகத் தேர்தல் விதி இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேர்தல் என்றால் வார்டுத் தேர்தல்தான். பிறந்ததிலிருந்து அவர்கள் பார்த்தது அதைத்தான்.

பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பென்சில் கடிக்கிற கோவண்டிப் பையன் தன் வகுப்பு முழுவதையும் திரட்டினான். விடுதிப் பெண்கள் தண்ணீருக்காகச் சேர்ந்துகொண்டார்கள். இன்னும் பலர் அந்த இரண்டு முகங்களையும் போஸ்டரில் பார்த்துப் பார்த்துச் சலித்தே சேர்ந்தார்கள். சாதியா வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினாள். இத்தனை பேருக்கு இத்தனை கோபம் இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

செய்தி பட்டறைக்கும் வந்தது. இனாயத்துல்லா ஏணியில் பாதி இறங்கி நின்றார். "ஏளா, மேல ரெண்டு பேருக்கும் பண்டம் செஞ்சு குடுக்கோம். கீழ நீ ரெண்டு பேரும் வேணாங்கிறியாமே?"

"நீங்க குடுத்தது வளையம் வாப்பா. நான் கேக்கது ஓட்டு."

"எல்லாம் ஒரே வீட்டுலேருந்துதான போவுது," என்றார். ஆனால் தடுக்கவில்லை.

ஓட்டு எண்ணிக்கை அரங்கில் நடந்தது. நோட்டா முதலிடம். வெங்கியும் ராஹிலும் நெடுந்தூரம் பின்னால். மேசைகளைத் தட்டினார்கள், யாரோ தாளைக் கிழித்து மேலே எறிந்தார்கள். மானசா சாதியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கோவண்டிப் பையன் முதன்முறையாகத் தன் பெயரைச் சொன்னான்: நசீர்.

மாணவர் நல அதிகாரி குல்கர்ணி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவை வாசித்தார். எந்த வேட்பாளரும் நோட்டாவைவிட அதிக ஓட்டுப் பெறாததால், விதிப்படி இந்தக் கல்வியாண்டு முழுவதும் தலைவர் பதவி காலியாக இருக்கும். அதற்கும் கைதட்டினார்கள். சாதியா தட்டவில்லை. மேடைக்குப் போனாள்.

"மறுதேர்தல் எப்போ சார்?"

"மறுதேர்தலா?" அவர் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். இந்தியில் சொன்னார். "யாரும் வேண்டாம் என்றீர்கள். யாரும் இல்லை. அவ்வளவுதான்."

"நூலகக் குழுவில் எங்கள் இடம்?"

"காலி."

"நான் வந்து உட்காரட்டுமா?"

அவர் கிண்டலாகப் பார்க்கவில்லை. "எந்த முறையில் வருவாய், மகளே?"

அவள் மேடையிலிருந்து இறங்கினாள்.

வெளியே ராஹில் மரத்திலிருந்து தன் போஸ்டரைத் தானே பிய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்கள் ஒருவரையும் காணோம். அவளைப் பார்த்ததும் நிறுத்தினான். "நான் போயிருப்பேன் சாதியா. அந்தக் கமிட்டிக்கு. தப்புத் தப்பாத்தான் பேசியிருப்பேன். ஆனா போயிருப்பேன்."

"நெசமாவா?"

அவன் கையிலிருந்த பேப்பரைச் சுருட்டினான். "தெரியல," என்றான்.

கையெழுத்து வாங்கி ஒரு மனுக் கொடுத்தார்கள். குழு அதைப் பார்த்ததாகப் பிறகு தெரிந்தது. பேச ஆள் இல்லாததால் பேச்சும் இல்லை. சங்கமே வேண்டாம் என்று சொன்ன மாணவர்களுக்கு அறை மட்டும் எதற்கு என்று யாரோ ஒரு பேராசிரியர் கேட்டாராம். அது உண்மையா, கட்டிவிட்ட கதையா என்று தெரியாது. விடுமுறை முடிந்து திறந்த முதல் நாள் ஆறு மணிக்குக் காவலாளி வந்து ஒவ்வொரு விளக்காக அணைத்தான். அவனுக்கும் சங்கடம்தான். நாற்காலிகளை மெதுவாகத்தான் கவிழ்த்தான்.

சாதியா இடம் தேடினாள். செம்பூர் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். டிக்கெட் எடுத்திருந்தாலும் இவ்வளவு நேரம் உட்காரக் கூடாது என்று நிலையத்துக் காவலர்கள் எழுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் மானசாவின் வீட்டுக்குப் போனாள். மானசாவின் அம்மா ராஜலக்ஷ்மி தட்டில் ஏதாவது கொண்டுவந்து வைத்து, "நீ படிம்மா, நான் தொந்தரவு பண்ணலை," என்று சொல்லிச் சொல்லியே பத்துத் தடவை வந்து போவாள். நல்ல மனுஷி. ஆனால் அங்கிருந்து கிளம்பும்போதெல்லாம் கடன் வாங்கிக்கொண்டு போவது போல இருந்தது. சாதியா நிறுத்திக்கொண்டாள். மானசா பலமுறை மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கு மாட்டுங்காவில் கதவு சாத்திக்கொள்ளத் தனி அறை இருந்தது. தப்பு இரண்டு பேருடையது. ஆறு மணி ஒருத்திக்கு மட்டும்தான்.

ஒருநாள் கேன்டீனில் நசீர் எதிரே வந்தான். வடாலாவில் ஏதோ குடோனில் இரவு வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். படிக்க இடமில்லாத நேரத்தில் வேலையாவது பார்க்கலாம் என்று. போகும்போது சொன்னான், "நோட்டா போடுங்கன்னு நீங்கதான சொன்னீங்க." சண்டைக்குச் சொல்லவில்லை. அவள் சொன்னதை அவன் நம்பினான், அவ்வளவுதான்.

ஜனவரியில் அவள் மூன்று பேப்பரையும் எழுதினாள். இரண்டாவது பேப்பரில் கடைசிக் கேள்விக்கு வந்தபோதே இந்தத் தடவையும் வராது என்று தெரிந்துவிட்டது. ரிசல்ட் வந்த அன்று இனாயத்துல்லா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பட்டறையின் மூலையில் இருந்த தோல் மூட்டைகளை நகர்த்தி, பட்டறைக் கணக்குப் பார்க்க அவளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அடுத்த கல்வியாண்டுக்கான சங்கத் தேர்தல் அறிவிப்பு வந்த அன்று மானசா போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள். மனுத்தாக்கல் திங்கட்கிழமை தொடங்குகிறதாம். இந்தத் தடவை விதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிட்டாளாம்.

"நீயே நில்லுடீ. எல்லாரும் உனக்குப் போடுவா."

"எதுக்கு நிக்கணும்?"

"லைப்ரரிக்குத்தான்."

சாதியாவின் குரலில் கோபம் இல்லை. "எனக்கு இப்போ லைப்ரரி வேண்டாமே மானசா."

  "வாப்பா கூப்பிடுதாங்க," என்று சொல்லி வைத்தாள். இனாயத்துல்லா அப்போது வீட்டிலேயே இல்லை.