ஏழாம் நாள் செத்த விதைகள்

அந்த ஆய்வகத்தில் விதைக்கு ஏழு நாள்தான் கெடு. எட்டாம் நாள் முளைத்தால் அது முளையே இல்லை.

உப்பு நீரிலும் முளைக்கும் விதையைத் தேடுவது அங்கே வேலை. மூன்று வருடமாக ஒன்றும் அகப்படவில்லை. பதினெட்டு வருடமாக விதைத் தட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்ணுக்கு விதையக்கா என்று பெயர். முன்பு அவர் முளைகளைக் கண்ணால் எண்ணினார். இப்போது தலைக்கு மேல் கேமரா ஊர்ந்து எண்ணுகிறது. ஏழாம் நாள் காலை, முளைக்காத தட்டுக்கு ‘இறந்தது’ என்று எழுதுகிறது. பத்து மணிக்குள் அது எரி உலைக்குப் போகாவிட்டால் உற்பத்தித்திறன் பலகையில் அக்காவுக்கு அந்த வாரம் ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று சேர்ந்தால் கிடங்குக்கு மாற்றல். கிடங்கு முழுக்கத் தூசி; தூசி பட்டாலே அவருக்கு மூச்சிழுப்பு வரும்.

முதல் புள்ளி, உலை பழுதாகித் தட்டுகள் இரண்டு நாள் கிடந்தபோது விழுந்தது. உலை கெட்டதற்கு அக்காவுக்குத் தண்டனை! ஆனால் அந்தத் தட்டு ஒன்றில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் ஒரு தட்டை வேண்டுமென்றே ஒளித்து வைத்தார். அதுவும் முளைத்தது. இரண்டாம் புள்ளியும் விழுந்தது.

கேமராவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள்காரரிடம் போனார்.

“தம்பி, இந்த ஏழு நாள யாரு வெச்சது?”

“எனக்கு முன்னாடி இருந்தவர்தான், அக்கா. திங்கக்கிழமை அறிக்கை போகணும்ல, அதுக்காக இருக்கும்.”

“அப்ப விதை காலண்டர் பாத்து முளைக்கணுமா?”

அவர் சிரித்தார். அக்காவுக்குப் பற்றி எரிந்தது. கேள்வி கேட்டே வளர்ந்த அறிவியலின் வீட்டில், ஏழு என்பது மட்டும் வேதவாக்கு!

வீட்டில், பம்பு பழுது பார்க்கும் கணவர் சொன்னார்: “ஊர் வம்பு உனக்கெதுக்கு? கிடங்குல போட்டா மூச்சு விட முடியுமா உன்னால?”

“பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சுன்னு எழுதுறாங்க. பாத்துட்டு வாயில கொழுக்கட்டையா?”

அடுத்த திங்கட்கிழமை நாற்பது தட்டு ‘இறந்தது’. ஒன்றையும் உலைக்கு அனுப்பவில்லை. மூன்றாம் புள்ளி விழுந்தது. வியாழக்கிழமை மாற்றல் ஆணையும் கிடங்குச் சாவியும் கைக்கு வந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனார்.

“மெஷின் தப்பு பண்ணாதும்மா,” என்றார் இயக்குநர்.

“அது பண்ணலைங்க. ஏழு நாள் பாருன்னோம், பாத்துச்சு. பத்தாம் நாள் பாருன்னு நாமதான் சொல்லல. வந்து பாருங்க.”

தட்டுகளைக் கேமராவின் கீழ் வைத்தார். மூன்று தட்டுகளில் பச்சை. ஒன்றில் ஐம்பதுக்கு முப்பத்தொன்று. எண்ணியது அதே இயந்திரம்தான்.

இயக்குநரின் குரல் இறங்கியது. “மூணு வருஷத்துல எத்தனை தட்டு எரிச்சிருப்போம்?”

“அதையும் அதுகிட்டயே கேளுங்க. கரெக்டா சொல்லும்.”

ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்றது.

மென்பொருள்காரரின் மேசையில் ஏழு, இருபத்தொன்று ஆனது. அரை நிமிட வேலை.

“அந்தச் சிவப்புப் புள்ளி?” என்றார் அக்கா.

மென்பொருள்காரர் தலையைச் சொறிந்தார். “விழுந்தத எடுக்க அதுல வழி இல்லக்கா.”

“வழி இல்லன்னா பண்ணுப்பா. மனுஷன் வெச்சதுதானே?”

மாற்றல் ஆணையையும் கிடங்குச் சாவியையும் அந்த மேசைமேலேயே வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றப் போனார் அக்கா.