இஸ்திரிக்கு அடங்காத பின்னல்

ஷரீபுன்னிசா எட்டாம் வகுப்போடு நின்றவள். கணவர் நூர்முகமது எது சொன்னாலும் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். செங்கல்பட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மறைமலைநகரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மகள் அஃப்ஸானாவுக்கோ மறுநாள் எம்.எஸ்சி. கணக்கில் ப்ராஜெக்ட் தேர்வு. அதற்காக அவள் குரோஷா ஊசியால் பின்னிய நீலப் பின்னல் கட்டிலில் கிடந்தது. ஒரு கம்பியைச் சுற்றிச் சுழல் படிக்கட்டு போல முறுக்கி ஏறியது. ஓரமெல்லாம் அலையலையாகச் சுருண்டிருந்தது. மேலே இரண்டு சிவப்பு நூல்கள் தைத்திருந்தாள்.

வருகிறவர்கள் சிரிப்பார்களே என்று ஷரீபுன்னிசா அதைக் கம்பியிலிருந்து உருவி, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டாள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழுந்தது.

“இன்னாம்மா பண்ணிக்கினு கீற?” அஃப்ஸானா ஓடி வந்தாள்.

“சுருக்கம் எடுக்கறேன்டி.”

“அதோட உருவமே அதாம்மா. எவ்ளோ தேச்சாலும் தட்டையாவாது.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்பு நூலைத் தொட்டுக் காட்டினாள். “ஒரு எறும்பு எங்கயும் திரும்பாம நேரா போனா, இதுதான் வழி. நமக்குத்தான் வளைஞ்சாப்ல தெரியுது. பாரு, பக்கத்துல பக்கத்துல கெளம்புன ரெண்டும் போவப்போவ எங்கியோ போயிடுது.”

ஷரீபுன்னிசா நூல்களையே பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் தன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஜெனிட்டா இப்போது அணுபுரத்தில் டீச்சர்.

ஷரீபுன்னிசாவே பின்னலைக் கம்பியில் மாட்டி, முன்னறை மேஜைமேல் வைத்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் கண்ணில் முதலில் பட்டது அதுதான். “இன்னா இது, சேவக்கொண்ட மாதிரி கீது?”

“பொண்ணோட படிப்பு சாமானுங்க,” என்று நூர்முகமது நெளிந்தார்.

“நிக்காஹ் ஆச்சின்னா இதுக்கெல்லாம் ஏது நேரம்? இத்தோட போதும்.” சிவப்பு நூல் கோணலாக இருக்கிறதென்று நுனியைப் பிடித்து இழுக்கப் போனாள்.

“கைய எடுங்க. அது நேராத்தான் கீது.”

சொன்னது யாரென்று நூர்முகமது திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கி அவளுக்குப் பரீட்ச,” என்றாள் ஷரீபுன்னிசா. “அதுக்கு மேலயும் அவ படிப்பா. சம்மதம்னா பேசலாம். இல்லன்னா டீ ஆறுது, குடிச்சிட்டுப் போங்க.”

“இன்னாடி பேசற நீ?” என்றார் நூர்முகமது.

அவள் தலையாட்டவில்லை. அடுப்படிக்கும் போகவில்லை. மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.