சோசம்மா காரில் ஏறாத கதை

எங்கள் காஞ்சிரப்பள்ளிப் பக்கத்தில் ரப்பருக்கு விலை ஏறியபோது என் தம்பி இட்டிச்செறியாவுக்குத் தலைக்கனமும் சேர்ந்து ஏறியது. அதுவரை இடுப்பில் முண்டும் தோளில் துண்டுமாகத் தோட்டத்தைச் சுற்றியவன், கோட்டு, பூட்ஸ், தொப்பி என்று ஆளே மாறிப்போனான். மடக்குக் கூரை வைத்த கறுப்புக் கார் ஒன்றும் வந்து வாசலில் நின்றது. நிற்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பெண்டாட்டியையும் மாற்றப் பார்த்தான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

சோசம்மா எங்கள் நஸ்ராணிக் கிறிஸ்தவப் பெண்கள் எல்லோரையும் போல வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்துகிறவள். முண்டின் பின்பக்கம் விசிறி விரித்ததுபோல மடிப்பு வைப்போமே, அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோயிலில் அவள் நடந்து போனால் மற்றப் பெண்கள் ஜெபத்தை விட்டுவிட்டு அவள் பின்புறத்தைப் பார்ப்பார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. இருக்கத்தானே வேண்டும்!

"கோட்டயத்துல வக்கீல் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சேலைக்கு மாறிட்டாங்கடி. நீயும் கட்டேன்" என்று அவன் தினமும் நச்சரிப்பான்.

"கட்டிக்கிட்டு? கோயில்ல மாதா என்னை அடையாளம் தெரியாம முழிக்கிறதுக்கா, இச்சாயா?" என்பாள் அவள்.

ஒருநாள் சாமான் வாங்கக் கோட்டயத்துக்குக் கிளம்பினோம். பீங்கான் கோப்பை, கண்ணாடி விளக்கு, ஜன்னல் திரை எல்லாம் வாங்க வேண்டும். சோசம்மா கோயிலுக்குப் போர்த்தும் சரிகைக் கவணியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். காரில் சாய்ந்து உட்கார்ந்தால் மடிப்பு கசங்கிவிடும் என்று இருக்கையின் நுனியில் தொற்றிக்கொண்டே வந்தாள். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் என் மடியில் வந்து விழுவாள்.

"நல்லா உட்காரேன்டி, என் தொடை என்ன கல்லா?" என்றேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க சேச்சி. மொத மொத இச்சாயன்கூட கடைக்குப் போறேன். நாலு பேர் பார்ப்பாங்க."

அது தோட்டத்து வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் பெரிய கடை. உள்ளே நுழைந்ததும் இவன் தொப்பியையும் கைத்தடியையும் அவள் கையில் திணித்துவிட்டு, கடைப் பையனிடம் ஊதாப் பட்டுச் சேலையையும் லேஸ் துணியையும் எடுக்கச் சொன்னான். அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் துரைசானி வந்து சேர்ந்தாள். துரை வீட்டுத் தேநீர் விருந்துக்குத் தன்னை ஒருநாள் கூப்பிட மாட்டார்களா என்று வெகுநாளாக ஏங்கிக்கொண்டிருந்தவன் இவன். முதுகை வளைத்து ஒரு கும்பிடு போட்டான்.

தோட்டத்துக் கூலிகளிடம் பேசிப் பழகிய அரைகுறைப் பேச்சில் துரைசானி கேட்டாள். "யாருக்கு இந்தப் பட்டு?"

"என் மிஸ்ஸிஸுக்கு, மேடம்."

"ஓ, நல்லா இருக்கு." பிறகு அவள் பார்வை செருப்பில்லாத காலோடு தொப்பியை ஏந்தி நின்ற சோசம்மா மேல் விழுந்தது. "இது உங்க ஆயாவா?"

சோசம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். லேசாகச் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள், பாவி மகள். இவன் திருத்திச் சொல்லப்போகிறான், எல்லோருமாகச் சிரிக்கப்போகிறோம் என்றுதான் நினைத்திருப்பாள். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன். பூட்ஸ் போட்ட காலுக்கு எங்கே உறைக்கும்?

"எஸ் மேடம்" என்றான்.

சோசம்மாவின் சிரிப்பு நின்றது. துரைசானி போகும்வரை தலை நிமிராமல் நின்றாள். பிறகு பொட்டலங்களையெல்லாம் தானே வாரி எடுத்தாள்.

"விடு, கடைப் பையன் எடுத்துட்டு வருவான்" என்றான் இவன், வாய்க்குள்ளே.

"இருக்கட்டும் முதலாளி. என் வேலைதானே."

வெளியே வந்து பொட்டலங்களைக் காருக்குள் அடுக்கினாள். அவன் கதவைத் திறந்து பிடித்தான். "ஏறு சோசா."

"ஆயா எங்க உட்காரணும்னு சொல்லுங்க முதலாளி. உங்க பக்கத்துல உட்காரக் கூடாதில்லையா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் சர்வீஸ் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். நானும் கூடவே ஓடினேன். பஸ்ஸில் கருவாட்டுக் கூடைக்காரிகளுக்கு நடுவே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மடிப்பு கசங்குதேடி என்றேன். கசங்கட்டும் சேச்சி என்றாள்.

வீட்டில் சண்டை இல்லை, அழுகை இல்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள். "முதலாளி, மீன்கறி போதுமா?" என்று மட்டும் கேட்பாள். அவனுக்குச் சோறு இறங்காது. ஊதாப் பட்டு கட்டிய நூல்கூட அவிழாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கார் தயாராக நின்றது. அவள் குடையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பின்னாலேயே இவன் வண்டியை ஊரவிட்டுக்கொண்டு, "ஏறுடி, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று கெஞ்சிக்கொண்டு வந்தான். மாட்டு வண்டிக்காரன்கூட எங்களைத் தாண்டிப் போனான். "என்ன முதலாளி, எண்ணெய் தீர்ந்துபோச்சா?" என்று சந்தை முனையில் ஒருவன் கேட்க, சந்தையே சிரித்தது. அடுத்தடுத்த ஞாயிறும் இதே கூத்துதான்.

கடைசியில் ஒருநாள் பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது, கோயில் படியில் வழிமறித்து நின்றான். பூசை வைத்த கத்தனார் இருக்கிறார், ஊர்ப் பெரிய மனிதர்களான தரகன் மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊரே இருக்கிறது. தொப்பியைக் கழற்றினான். கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் கேளுங்க. இவ என் பெண்டாட்டி. நான் தாலி கட்டின என் சொந்தப் பெண்டாட்டி" என்று கத்தினான்.

ஜனம் ஒன்றும் புரியாமல் நின்றது. சோசம்மா கவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இவங்க எல்லாருக்கும் அது தெரியும், இச்சாயா. தெரியாத ஒருத்தி கேட்டாளே, அவகிட்டதான் சொல்லியிருக்கணும்."

குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நானும் தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் நடந்தேன். என்ன இருந்தாலும் அவன் என் கூடப்பிறந்தவன்.