செருப்புப் போட்ட தொட்டிகள்

சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் பொருள்கள் நடக்கும். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரின் விசைத்தறிகள் ஓடின; மாடியில் நாங்கள் இருந்தோம். தறி ஓடினால் தரை அதிரும். காலையில் மேசை நடுவில் வைத்த டம்ளர் மத்தியானம் விளிம்பில் நிற்கும். விருந்தாளிகள் பயந்தார்கள். நாங்கள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

அம்மாவின் செடிகளும் நடந்தன. ஜன்னல் திட்டிலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் பிளாஸ்டிக் தொட்டிகளில் மணிபிளான்ட், கற்றாழை, குரோட்டன்ஸ் வைத்திருந்தாள். தினமும் அவற்றைப் பின்னுக்கு இழுத்து வைப்பாள். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் கற்றாழைத் தொட்டி சுவரைத் தாண்டி நடந்துவிட்டது. கீழே நூல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரின் காலடியில் விழுந்து சிதறியது.

வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். அவர் கத்தாததுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா, இன்னைக்குக் காலுகிட்ட விழுந்துட்டு. நாளைக்குத் தலையில விழுந்தா யாரு பதில் சொல்லுதது? ஆடித் தபசுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துருங்க."

தபசுத் திருவிழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அப்பா உடனே சமாதானத்துக்குத் தயாரானார். "சிவகிரில ஒன் தங்கச்சிகிட்ட குடுத்துருவோம். அங்கன தறியும் இல்ல, தொந்தரவும் இல்ல."

அம்மா கொடியில் கிடந்த பழைய துண்டுகளை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

சிமெண்டைக் கஞ்சிப் பதத்தில் கரைத்தாள். அகலமான பேசினைக் கவிழ்த்து, எண்ணெய் தடவிய பாலிதீன் தாளால் மூடி, சிமெண்டில் நனைத்த துண்டை அதன் மேல் போர்த்தினாள். ஓரங்கள் பாவாடை மடிப்புபோலத் தொங்கி இறுகின. நிமிர்த்தினால் அதுதான் தொட்டி: அகலமான அடி, நடக்க விரும்பாத உருவம். இறுகிய பின் ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வைத்தாள். பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள். புதுச் சிமெண்டின் காரம் வேரைச் சுட்டுவிடும் என்று அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"மொதத் தொட்டியில வச்ச செடி சொல்லிச்சு. சொல்லிட்டுச் செத்துப்போச்சு" என்றாள்.

அடியில் ஒட்டுவதற்கு ரப்பர் செருப்பைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தாள். ரப்பர் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும், வழுக்கவும் செய்யாது. ஆனால் முதலில் வர்ணம், பிறகுதான் ரப்பர் என்றாள். வெள்ளையடித்த தொட்டியைக் கவிழ்த்த தட்டின் மேல் வைத்தாள். தரையில் உட்கார்ந்து, வலது முழங்கையைத் தரையில் ஊன்றி, நீலப் பெயிண்ட் தோய்த்த பிரஷ்ஷைத் தொட்டியின் வயிற்றில் வைத்தாள். பிரஷ் நகரவில்லை. இடது கை தொட்டியை மெல்லச் சுற்றியது.

கோடு நேராக வரவில்லை. தொட்டியைச் சுற்றிச் சின்னச் சின்ன அலைகளாக ஓடியது. நான் ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரிந்தவள். எனக்குப் பாவமாக இருந்தது.

"அம்மா, ரப்பர் ஒட்டிட்டு வரையேன். ஆடாதுல்லா?"

"தொட்டியப் பிடிக்காத. கைய எடு ஏட்டி."

அந்த நேரத்தில் கரண்ட் போனது. தறிகள் மொத்தமாக நின்றன. வீடு அசையாமல் கிடந்தது. இப்படியொரு வாய்ப்பை விடலாமா?

"இப்ப வரைம்மா, நேரா வரும்!"

அம்மா பிரஷ்ஷை டப்பாவின் குறுக்கே வைத்தாள். "கரண்ட் வரட்டும்."

ஃபேன் இல்லாமல் அவளுக்குப் புழுங்குகிறது என்று நினைத்து நோட்டு அட்டையால் விசிறினேன். அவள் சிரித்தாள்.

தபசுக்கு முதல் நாள் வீட்டுக்காரர் மறுபடியும் வந்தார். அன்று காலையே ஜன்னல் திட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியையும் ஒரு புதுத் தொட்டியையும் வைத்து, இரண்டையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள் அம்மா. சாயங்காலத்துக்குள் பிளாஸ்டிக் தொட்டி கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. புதியது வைத்த இடத்தில் இருந்தது. அவர் புதியதைச் சாய்த்து அடியைப் பார்த்தார்.

"செடிக்கும் செருப்பு போட்டாச்சா?"

அப்பா எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, அது என் செருப்பு. ஒரு வாரமாத் தேடுதேன்."

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். விரல் நீலக் கோட்டின் மேல் இருந்தது. ஓர் அலை விடாமல் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கோட்ட யாரு வரைஞ்சா?"

"உங்க தறிதான் அண்ணாச்சி" என்றாள் அம்மா.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, அதிர்ந்துகொண்டிருந்த தரையைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போவட்டும்மா. வெளிச் சுவர்ல மட்டும் வைக்காதீங்க."

படியிறங்கும்போது இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். அம்மா மணிபிளான்ட் கொடியை எடுத்து ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டாள். செடிகள் தங்கியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும், வாடகைக்கு இருப்பவர்கள் இவ்வளவு பணிந்து பேச வேண்டுமா என்று தோன்றியது. முழங்கை வலிக்க வலிக்கத் தானே போட்ட கோட்டை அம்மா அவருடைய தறிக்கு விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று அன்றைக்கு வெகுநேரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.